கேட்காத கேள்வி

புளியரைச் சோதனைச்சாவடிக்கு இப்பால்
பரோட்டாக் கடையின் மாடியில்
சாரல் மாதத்தில் ஒருநாள் கூடுகிறோம்,
மூன்று பேர்.
இதுவரை நாங்கள் கொன்றது
இருநூற்றுப் பதினொரு பேர்.
கீழே கல்லில் கொத்துகிற சத்தம்
எங்கள் பேச்சுக்குத் தோதாய்த்தான் இருக்கிறது.

குற்றாலிங்கம் மரக்கடைக் கணக்குப்பிள்ளை.
பிணத்தில்தான் தொடங்குவார்.
'மொத வரியில ஆள் செத்திருக்கணும் வே.
இல்லன்னா பஸ் ஸ்டாண்டுல பொரட்டிப் பாக்கிறவன்
பொஸ்தகத்தக் கீழ வச்சிட்டு
முறுக்கு வாங்கிருவான்.'
அவர் கதையில் செத்தவர்கள் எல்லாரும்
மரக்கடைக்குப் பாக்கி வைத்தவர்கள்.
பெயரை மாற்றுவார்,
வழுக்கையை மாற்ற மாட்டார்.

வர்கீஸ் புனலூரிலிருந்து வருவார்.
யோசிப்பது மலையாளத்தில்,
கொல்வது அம்மாவின் தமிழில்.
கடைசிப் பக்கத்தை முதலில் எழுதிவிட்டு
அங்கிருந்து பின்னாலேயே நடப்பார்,
ரப்பர் தோட்டத்துச் சேற்றில்
தன் காலடியைத் தானே அழித்துக்கொண்டு போகிறவன் மாதிரி.
'எதையும் ஒளிக்கப்படாது' என்பார்.
'சாவடியில பாத்ததில்லையா?
பூட்டின பெட்டியத்தான் ஒடைச்சுப் பாப்பான்.
தொறந்து கெடக்கிற பெட்டிய
ஒருத்தனும் தொட மாட்டான்.'

பார்த்திருக்கிறேன்.
அந்தச் சாவடியில்தான்
பதினாலு வருசம் பதிவேடு எழுதினேன்.
பெயர் உலகம்மை.
அட்டையில் கே. யு. துரை
(பொம்பளை பேரில் ரத்தம் விலை போகாது என்றார் பதிப்பாளர்).

நிஜம் சொல்கிறவன் தடுமாறுவான்.
ரசீதைத் தேடுவான், கிளீனரை ஏசுவான்,
ஊர்ப்பெயரே ஒருகணம் மறந்துபோகும்.
பொய்யனுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்.
கோழிக்காய்ச்சல் தடை இருந்த வருசம்
நடுராத்திரி ஒருவன் கண்ணாடியை இறக்கி
'முட்டைதான் மேடம், கோழி இல்லை' என்றான்.
நான் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை.
வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன்.
அந்தக் 'கோழி இல்லை'யிலிருந்து
ஒரு முழு நாவல் எடுத்தேன்.
இன்றைக்கும் அதுதான் என் வழி:
கேட்காத கேள்விக்கு
எவன் பதில் சொல்கிறானோ, அவன்.
எண்பதாம் பக்கம் வரை
எனக்கும் தெரியாது எவனென்று.

சொல்லிவிட்டுச் சிரித்தோம்.
சால்னா வந்தது. மழை வலுத்தது.
கைப்பைக்குள் கையை விட்டேன்.

பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து
துரைக்கு வந்த கடிதம்.
பென்சில் எழுத்து, கோடு போட்ட தாள்.

'அண்ணாச்சி, உங்க கிணத்துக் கதை வாசிச்சேன்.
எல்லாம் முடிஞ்ச பெறகு அவன்
கை நடுங்காம பீடி பத்த வச்சான்னு போட்டிருக்கீங்க.
கை நடுங்காது, அது சரிதான்.
ஆனா பீடி நெனப்பே வராது.
எனக்கு வாளிதான் கண்ணுல பட்டுச்சு.
கிணத்து மேல சரிஞ்சு நின்னுது.
உள்ள விழுந்துட்டா அவ ஏசுவாளேன்னு
எடுத்து ஓரமாக் கவுத்தி வச்சேன்.
அப்பந்தான் ஓர்மை வந்துச்சு,
ஏச ஆளில்லன்னு.
அடுத்த பதிப்புல திருத்திக்கிடுங்க.'

குற்றாலிங்கம் கேட்டார்: 'எந்த ஊராம்?'
சொல்லவில்லை.
வர்கீஸ் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே இருந்தார்,
தின்னாமல்.

நான் அவனை எதுவும் கேட்கவில்லை.
என் கணக்குப்படி
இது பொய்யாக இருக்க வேண்டும்.
மூன்று தடவை வாசித்தேன்,
பதிவேட்டுக் கண்ணோடு.
ஓரம் கட்டச் சொல்ல
ஒரு வார்த்தை அகப்படவில்லை.

கடைசி வண்டி செங்கோட்டைக்கு ஒன்பதேகாலுக்கு.
படியிறங்கும்போது குற்றாலிங்கம் மெதுவாகச் சொன்னார்:
'பதில் போடாதீங்க.'
வர்கீஸ் சொன்னார்:
'பதில் போடணும்.'

இன்னும் போடவில்லை.
அடுத்த நாவலுக்கு முன்பணம் வாங்கியாயிற்று.
முதல் வரியில் ஆளும் செத்தாயிற்று.
பத்தாம் பக்கத்தில்,
கதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை,
ஒரு வாளி வந்து நிற்கிறது.
அடித்துவிட்டு எழுதினால்
பன்னிரண்டாம் பக்கத்தில் நிற்கிறது.
எழுந்துபோய்
எங்கள் வீட்டு வாளியை
ஒருதரம் பார்த்துவிட்டு வருகிறேன்.